நானே தாக்கினேனாம்

ஜூன் 9, திங்கள்

மிளகு விவரம் ஒன்றைச் சேமித்ததிலிருந்து கடையின் இணையதளம் இன்று முழுக்க என்னை உள்ளே விடவில்லை. ‘உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டுள்ளது. இது தவறு என்று நினைத்தால் தள நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.’ முதலாளி கபீர் இக்காவின் மிளகுக் கடைத் தளத்துக்கு நிர்வாகி நான்தான். என்னைத் தொடர்புகொண்டேன். என்னிடமும் பதில் இல்லை.

போன வாரம் களமசேரியிலிருந்து ரமேஷ்பாபு என்பவர் வந்து தளத்துக்குக் காவல் மென்பொருள் போட்டுக் கொடுத்தார். கொச்சி மட்டாஞ்சேரி வெயிலில் டை கட்டிக்கொண்டு. “இனி ஒரு ஈ நுழையாது இக்கா” என்றார். சொன்னதைச் செய்துவிட்டார். மனுஷியும் நுழைய முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கதவு திறந்தது. விலையை மாற்றினேன், மாறியது. மிளகுப் படம் போட்டேன், ஏறியது. படத்துக்குக் கீழே விவரம் எழுதிச் சேமித்ததும் மறுபடி வெளியே தள்ளிவிட்டது. ஏன் அங்கே மட்டும்?

ரமேஷ்பாபுவுக்குப் போன் செய்தேன். பிரவுசரை மாற்றச் சொன்னார். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். கம்ப்யூட்டரையும். அடுத்து என்னைக் குளித்துவிட்டு வரச் சொல்வார் என்று நினைத்தேன்.

ஜூன் 11, புதன்

அதே விவரம். அதே செய்தி. நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை.

ஜூன் 12, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

ரமேஷ்பாபு கலர் அறிக்கையோடு வந்தார். ‘தளத்தின் மீது தொடர் தாக்குதல்.’ தாக்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் – மகா. என் பெயர்!

வாசலில் சாக்கு இறக்கிக்கொண்டிருந்த யூனியன்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இக்கா கேட்டார்: “எதிர்க்கடைக்காரன் தெனமும் நம்மளவிட ஒரு ரூவா கொறச்சுப் போடறான். எங்ஙனேன்னு இப்பல்லே மனசிலாச்சு. நீயா மோளே ரேட்டைக் கடத்தறே?”

“இக்கா, நான் மிளகு விவரம்தான் ஏத்தினேன்.”

“விவரம் ஏத்தினா தாக்குதல்னு வருமா?”

“உள்ளே இருக்கிறவங்கதான் சார் எப்பவுமே” என்றார் டைக்காரர்.

பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரேட்டைக் கடத்தினேனாம்! இக்காவே தெனமும் காலைல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ரேட்டைப் போடறாரு, ஊரே பாக்குது. அதை நான் எதுக்குத் திருடணும்? அங்கயே கேட்டிருக்கணும்.

ஜூன் 13, வெள்ளி

வல்லார்பாடத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது செல்லப்பா சொன்னார்: “விட்டுத்தள்ளு. வேற எடம் பாப்போம்.” புருஷன் பேச்சை நான் கேட்காத நாட்களில் இதுவும் ஒன்று. திருடிப் பட்டத்தோடு எந்த இடத்துக்குப் போவது?

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்கே பேசினேன். எடுத்தது கோயம்புத்தூர்ப் பெண், மதுவந்தி. தடுத்த செய்திக்கு அடியில் ஒரு எண் இருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றாள். போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், படித்தேன்.

“அக்கா, அந்த விவரத்துல என்னங்க எழுதியிருந்தீங்க?”

இங்கிலீஷில் எழுதியதை அப்படியே வாசித்தேன்: “லோடிங் பை யூனியன். செலக்ட் கிரேட் ஒன்லி.”

சிரித்துவிட்டாள். யூனியன், செலக்ட் – இந்த இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து எழுதித்தான் திருடர்கள் தளத்திலிருந்து தகவலை உருவுவார்களாம். மென்பொருளுக்கு மிளகும் தெரியாது, சுமட்டுக்காரனும் தெரியாது.

“கேரளாவுல யூனியன் இல்லாம எழுதவே முடியாதுங்களா?”

“எழுதலாம். சரக்கு இறக்க முடியாது.”

காவலை மொத்தமாக அணைக்க வேண்டாம், அந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தால் போதும் என்றாள். ரமேஷ்பாபுவால் ஐந்து நிமிடத்தில் செய்ய முடியுமாம். அறிக்கைக்குக் கலர் அடிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

ஜூன் 14, சனி

இக்காவையே உட்காரவைத்து, அந்த வரியை அவர் கையாலேயே எழுதிச் சேமிக்கச் சொன்னேன். ரமேஷ்பாபு பக்கத்தில். திரை சிவந்தது. அனுமதி மறுப்பு.

“அப்போ ஞானும் கள்ளனா?” என்றார் இக்கா.

“டெக்னிக்கலா... ஆமா சார்.”

எதிர்க்கடை ரேட் சமாசாரத்துக்கு இக்காவின் ஸ்டேட்டஸை அவர் போனிலேயே திறந்து காட்டினேன். பார்த்தவர்கள் வரிசையில் எதிர்க்கடைக்காரர் முதல் ஆள்.

ஜூன் 16, திங்கள்

பாஸ்வேர்டு திரும்பி வந்தது. பழம்பொரி பஜ்ஜியும் சாயாவும் வந்தன. மன்னிப்பு வரவில்லை. “அதை மறந்துடு மோளே” என்றார், குரலைத் தாழ்த்தி, உள்ளறையில். பழி போட்டது மட்டும் வாசலில் வைத்து.

“வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க இக்கா” என்றேன்.

“பணிக்காரன்மார் எதுருக்க எங்ஙனே மோளே?”

அவ்வளவுதான். மாதக் கடைசியில் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பழம்பொரியைத் தொடவில்லை. பசிதான், இருந்தாலும்.

ஜூலை 1, செவ்வாய்

தோப்பும்படியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஆபீஸில் முதல் நாள். ஆபீஸ் முழுக்க ஐஸ் வாடை. மேனேஜர் மீனாக்ஷி மேடம் கம்ப்யூட்டரைக் காட்டி, “பாஸ்வேர்ட் நீங்களே வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடித்து முடிக்கும்வரை படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.