அப்பாவின் கம்பம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலியைத் தவிர குறையில்லை, இருந்தாலும் கேட்க இங்கே யார் இருக்கிறார்கள். உன் அண்ணன் படகில் நின்று பேசுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர் வரலாற்றை அண்ணன் எவ்வளவு அழகா சொல்றான் என்று எழுதியிருந்தாய். அந்த அழகைப் பற்றித்தான் எழுதுகிறேன், வயிறு எரிந்துகொண்டு எழுதுகிறேன்.

இப்போது இங்கே மீன் பிடிப்பதைவிட மீன் பிடித்த ஊரைக் காட்டுவதற்குத்தான் கூட்டம். வலைக் கொட்டகைக்கு வெள்ளையடித்துக் காபிக் கடை ஆக்கிவிட்டார்கள், கலங்கரை விளக்கத்தில் ஏற வரிசை நிற்கிறது, ஏலக்கூடத்தில் நாங்கள் மீன் அரிவதைக்கூடப் படம் பிடிக்கிறார்கள், கத்தியைப் பார்ப்பதா கேமராவைப் பார்த்துச் சிரிப்பதா. ராஜா வந்து இறங்கிய துறை என்று வேறு உன் அண்ணன் அளக்கிறான், இங்கே உப்பு வியாபாரிதான் இறங்கியிருப்பான். அதெல்லாம் போகட்டும். வலையை மூட்டை கட்டிவிட்டு, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகப் படகில் நாற்காலி போட்டான், பிள்ளைகுட்டிக்காரன், அதையும் நான் குறை சொல்லவில்லை. உன் அப்பா படகு கட்டிய கம்பத்தை வேடிக்கைப் பொருள் ஆக்கியதுதான் பொறுக்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவன் கம்பத்தில், அவன் பெண்டாட்டி தன் கையால் இன்னொரு படகின் கயிற்றைக் கட்டிக் கொடுக்கும்வரை வேறு யாரும் படகு கட்டுவதில்லை, நம் துறையில் அப்படித்தான். கட்டிவிட்டால் அவன் இனி வரமாட்டான் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. நான் இத்தனை வருஷமாகக் கட்டவில்லை. உடம்பு கிடைக்கவில்லை, பிறகு எதற்குக் கட்ட வேண்டும் என்று இருந்துவிட்டேன். இடம் போதாமல் படகுகள் இடித்துக்கொண்டாலும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வாரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் படகில் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தேன். கம்பத்தருகே வந்ததும் மைக்கைப் பிடித்துச் சொல்கிறான், "இந்தக் கம்பத்துக்காரர் நல்லா குடிச்சிட்டு, பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு, புயல்ல படகை எடுத்தாரு. போனவரு போனவருதான்." எல்லோரும் சிரித்தார்கள். நீ அப்போது கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. உன் அப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அன்றைக்குப் புயலில் கரை சேர்ந்தவர், நடுக்கடலில் ஐஸ்கடைக்காரர் படகில் எஞ்சின் நின்றுவிட்டது என்று கேட்டுத் திரும்பிப் போனார். ஐஸ்கடைக்காரர் பிழைத்து வந்தார், இவர் வரவில்லை. இதெல்லாம் நடந்தபோது உன் அண்ணனுக்கு விவரம் தெரிந்த வயசு. படகில் ஒரு பெண், அவர் மனைவி என்ன ஆனாங்க என்று கேட்டாள். கொஞ்சமும் யோசிக்காமல், "அந்தம்மா ஏங்கி ஏங்கியே செத்துப் போயிட்டாங்க" என்றான். காலையில் என் கையால் சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

கரையில் இறங்கியதும் நான் எல்லோர் முன்னாலும், நான்தான் அந்தப் பெண்டாட்டி, அவர் குடிக்கவில்லை, ஒருத்தரைக் காப்பாற்றப் போனார் என்று சொன்னேன். கைதட்டினார்கள். இதுவும் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள், ஒருத்தி என் தோளில் கைபோட்டுப் படம்கூட எடுத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்ததும் உன் அண்ணன் வந்தான். காலில் விழுவான் என்று பார்த்தேன். "நல்லா இருந்துச்சும்மா, ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. தினமும் வர்றியா?" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஐஸ்கடைக்காரரைக் கூப்பிட்டு, அவர் படகுக் கயிற்றை வாங்கி, என் கையாலேயே அந்தக் கம்பத்தில் கட்டினேன். வேண்டாம் தங்கச்சி, வேண்டாம் என்று அந்த மனுஷர் அழுதார். முடிச்சு இரண்டு முறை நழுவியது, ஆனாலும் கட்டிவிட்டேன். இனி அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை, அதுவும் படகு கட்டுகிற ஒரு கம்பம், அவ்வளவுதான். பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஊர் என்ன சொன்னாலும் இத்தனை வருஷம் நான் காத்துக்கொண்டிருந்தவள். அவர் மானத்துக்காக அன்றைக்குத்தான் விதவையானேன்.

நீ புருஷன் பிள்ளையோடு நிறைவாக, நீண்ட நாள் இருக்க வேண்டும். குளிரில் பேத்தியை வெறுங்காலோடு நடக்க விடாதே. தாத்தா எப்படிப் போனார் என்று அவள் கேட்கும்போது, நான் எழுதியதை எழுதியபடி சொல். சிரிப்பு வராத கதைதான், இருந்தாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா