படபடப்பு அடங்கிய பிறகு

அண்ணா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் மருத்துவமனைப் பக்கம் இனி தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

நெஞ்சு படபடக்கிறது என்று என் மனைவி உன்னிடம் ஓடிவந்த ஒவ்வொரு முறையும், "மொதல்ல கொஞ்ச நேரம் படுத்துக்கோம்மா, அடங்கட்டும், அப்புறம் ஈசிஜி எடுக்கலாம்" என்றாய். அடங்கிய பிறகு எடுத்தால் கோடு ஒழுங்காகத்தானே இருக்கும்? அதை என்னிடம் காட்டிச் சிரித்தாய். "இவளுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லடா, பொழுது போகல." பிறகு வயிற்றுக்கு ஸ்கேன், தைராய்டுக்குச் சோதனை, கடைசியில் மனநல மருத்துவர். அவள் நகையெல்லாம் உங்கள் பில் கவுண்டரில் கரைந்தது.

அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான், துடிப்பை நாள் முழுக்கப் பதியும் சின்னக் கருவியை வேறொரு மருத்துவர் அவள் மார்பில் ஒட்டினார். துடிப்பு தாறுமாறாக ஓடுவது அன்றே தெரிந்துவிட்டது. "இப்படித் துடிச்சா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும். பக்கவாதம் வராம தடுக்க மாத்திரை இருக்கே, முன்னாடியே யாரும் பாக்கலையா?" என்றார். என் அண்ணன்தான் பார்த்தார் என்று சொல்ல நாக்கு கூசியது.

வீட்டை விற்று அவளுக்கு நடக்கப் பயிற்சி கொடுக்கிறேன். நீ பழக்கூடை அனுப்புகிறாய். குப்பையில் கொட்டினேன்.

உனக்கு எழுதும் கடிதங்களில் எனக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கை இப்போது பேனாவைப் பிடிக்காது. அதனால் நானும் போடவில்லை. இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.