திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் குரல்

மார்ச் 2, ஞாயிறு

பெரிய பேரன் ஆற்றின் மேல் பாலம் கட்டுகிறான். அவன் தங்கை பல் டாக்டர். மகள் வயிற்றுப் பேரன் நீச்சலில் இந்த வருடமும் கோப்பை வாங்கிவிட்டான். வைக்க இடமில்லாமல் ஒன்றில் பேனா போட்டு வைத்திருக்கிறாள் என் மகள். கடைக்குட்டிப் பேத்தி வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி வேலை பார்க்கிறாள். திங்கள்தோறும் எல்லாக் கிளைக்காரர்களும் கம்ப்யூட்டரில் முகம் காட்டிக் கூடுகிறார்கள். ஆட்கள் வந்து சேரும்வரை பாட்டுப் போடுவது இவள் பொறுப்பு. நானூறு பேர் கேட்கிறார்கள். நம் குடும்பத்தில் யார் பேச்சையும் நாலு பேர் கேட்டதில்லை.

மகனிடம் சொன்னேன். “கல்யாண மண்டபத்துல மைக்செட்காரன் பண்ற வேலைம்மா அது” என்றான். மைக்செட்காரன் இல்லாமலா இவன் கல்யாணம் நடந்தது?

மார்ச் 4, செவ்வாய்

கடைக்குட்டியை நிரந்தரம் ஆக்குவார்களா என்பது இந்த மாதக் கடைசியில் தெரியும். ஆகாவிட்டால் ஊர் திரும்பி அப்பனின் பெயின்ட் கடைக் கல்லாவில் உட்கார வேண்டுமாம். மகனின் தீர்ப்பு. அவளுக்குப் பெயின்ட் வாசனையே ஆகாது. தும்மித் தீர்ப்பாள்.

மார்ச் 7, வெள்ளி

என்ன பாட்டு என்று எப்படி முடிவு செய்வாய் என்று போனில் கேட்டேன்.

“ரொம்ப சோகமா போட்டா லீவு கேக்கறாங்க பாட்டி. ரொம்ப குஷியா போட்டா, மேனேஜர் பேச ஆரம்பிச்சதும் வித்தியாசம் தெரிஞ்சிடும்.”

அதனால் நடுவாகப் போடுகிறாளாம். எவ்வளவு யோசனை!

மார்ச் 10, திங்கள்

காலையில் குடும்ப குரூப்பில் குரல் செய்தி அனுப்பினேன். எழுத்துக் கூட்டி டைப் பண்ணினால் பொழுது போய்விடும்.

மாலையில் கடைக்குட்டி போனை எடுக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எடுத்தாள். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் செய்தி அவள் கம்ப்யூட்டரிலேயே வந்திருக்கிறது. காதில் மாட்டியிருக்கிறோமே, நமக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்து அழுத்தியிருக்கிறாள். பாட்டைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டால், கம்ப்யூட்டரில் வருகிற எல்லாச் சத்தமும் கூட்டத்துக்கே போகுமாம். பாட்டு அதுபாட்டுக்கு ஓட, நடுவில் நான்.

நான் சொன்னது இதுதான்: “கண்ணு, நல்லா பாட்டு போடு. உன் பாட்டுக்காகத்தான் எல்லாரும் வராங்க. உங்க மேனேஜர் பேச்சு இருக்கே, நீ ஊருக்கு வந்தப்போ பக்கத்துல உக்காந்து கேட்டேனே, சரியான தாலாட்டு. மூணு தடவை தூங்கி மூணு தடவை முழிச்சேன். மனுஷன் அதே இடத்துல நிக்கறார்.”

அவள் பதறிப்போய் நிறுத்துவதற்குள் முழுசும் போய்விட்டது. நானூறு பேருக்கு. மேனேஜர் உள்பட.

ஐயோ, புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனே! யாரு கேட்டா என் அபிப்பிராயத்த? — வாழ்த்தோட நிறுத்தியிருக்கக் கூடாதா?

மார்ச் 12, புதன்

மகனுக்கும் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது வாய்க்குள்ளேயே சிரித்தான். “கல்லாவுக்கு நல்ல நாற்காலியா பாக்கட்டுமாம்மா?” என்றான்.

குழம்பு போதும் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் அன்று கூட்டத்திலேயே “யாருங்க அது?” என்று கேட்டாராம். ‘ஏதோ விளம்பரம்னு சொல்லிடு’ என்று ஒரு தோழி ரகசியமாக எழுதி அனுப்பினாளாம். இவள் மைக்கைத் திறந்து, “எங்க பாட்டி சார்” என்றிருக்கிறாள்.

“ஏண்டி, விளம்பரம்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“எந்த விளம்பரத்துல பாட்டி மேனேஜரைத் திட்டுவாங்க?”

அதுவும் சரிதான்.

மார்ச் 17, திங்கள்

இன்று அவளைப் பாட்டுப் போடச் சொல்லவில்லை. சும்மா கூடினார்களாம். யாரோ இருமியது நானூறு பேருக்கும் கேட்டதாம்.

மார்ச் 18, செவ்வாய்

தூக்கம் சரியில்லை.

மார்ச் 24, திங்கள்

மறுபடி பாட்டு! ஏன் நிறுத்தினீர்கள் என்று கிளைகளிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் “போடுங்க” என்றாராம், அவ்வளவுதான். அவர் பேச்சும் சட்டென்று முடிந்துவிட்டதாம். முடிந்தது தெரியாமல் பலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம்.

மார்ச் 31, திங்கள்

நிரந்தரம் ஆகிவிட்டது. மேனேஜரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். “இத்தனை வருஷமா எல்லாரும் பேச்சு பிரமாதம்னுதான் சொன்னாங்க. உண்மைய உங்க வீட்டுலதான் சொன்னாங்க. நீங்களும் மழுப்பல.” சிரிக்காமல் சொன்னாராம். அவர் எதையும் அப்படித்தான் சொல்வாராம்.

மகன் கேட்டுவிட்டு, “சம்பளம் ஏறுமா?” என்றான். அவனுக்கு அதுதான் சந்தோஷம் காட்டுகிற விதம்.

இனி குரல் செய்தியே அனுப்ப மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே மத்தியானம் முழுக்க எழுத்துக் கூட்டி, குரூப்பில் டைப் பண்ணினேன்:

‘கடைக்குட்டி, கழுத்தில் கம்பெனி அட்டை தெரிகிற மாதிரி புது போட்டோ எடுத்து இதில் போடு. பழையதில் கண்ணை மூடியிருக்கிறாய். மேனேஜர் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை.’