நான் நீக்கச் சொன்ன பதினான்கு பேர்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே இரண்டு கூட்டம். மகளின் பல் கம்பியை இறுக்கப் போக வேண்டும். அதை மறுபடி தள்ளிப்போட்டாயிற்று. இணையவழி வழிகாட்டித் திட்டத்தில் இந்த வருடத்துக்கான ஆளை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஆய்வுக்குப் புதிதாக வரும் மருத்துவப் பணியாளர்கள் மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தை எழுத உதவுவதுதான் வேலை. ஒரு வருட உழைப்பை இருநூற்றைம்பது சொல்லுக்குள் மடித்து வைக்க வேண்டும். எல்லாம் கணினி வழியே.

இதுவரை என்னிடம் வந்த ஏழு பேருடையதும் ஏற்கப்பட்டிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் "நம்ம ராசியான வழிகாட்டி" என்று எழுதியிருந்தார். அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

படிவத்தில் "இளம் ஆய்வாளர்" என்றிருந்தது. திரையில் வந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சின்ன சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸ். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் துழாவிக்கொண்டிருந்தார்.

"மேடம், குரல் கேக்குதா? எனக்கும் இந்த மைக்குக்கும் ஜென்மப் பகை."

"நல்லா கேக்குது. என்னை எதுக்கு மேடம்னு சொல்றீங்க, நான் உங்களைவிட ரொம்ப சின்னவ."

"வயசுல சின்னவங்க, படிப்புல பெரியவங்க. நான் மேடம்னு சொல்றேன், நீங்க சிஸ்டர்னு சொல்லுங்க. சரிக்குச் சரியாப் போச்சு."

சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்கள் வாரம் இருமுறை கட்டு மாற்ற வர வேண்டும். பாதிப் பேர் வருவதில்லை. நாற்பது பேருக்கு வாராவாரம் போன் செய்து நினைவூட்டியிருக்கிறார். இன்னொரு நாற்பது பேருக்குச் செய்யவில்லை. இரண்டு பக்கமும் எத்தனை பேர் ஒழுங்காக வந்தார்கள் என்று பார்த்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒரு வருடமாக, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் எழுதியது.

மார்ச் 12, புதன்

வரைவு வந்தது. நீளம், ஆனால் தெளிவு. முடிவில்தான் உப்புச் சப்பில்லை. போன் செய்த நாற்பதில் ஒழுங்காக வந்தவர்கள் இருபது. செய்யாத நாற்பதில் பதினெட்டு. போன் செய்த நாற்பதில் பதினான்கு பேருக்கு ஒரு தரம்கூட லைன் கிடைக்கவில்லை. அவர்களில் வந்தது ஒரே ஒருவர்.

அவர் ஏமாற்றமாக எதுவும் எழுதவில்லை. எனக்குத்தான் ஏமாற்றம்.

மார்ச் 15, சனி

பல் மருத்துவரிடம் மகள் உள்ளே இருந்த இருபத்தைந்து நிமிடத்தில், வெளியே காரில் உட்கார்ந்து திருத்தி முடித்தேன். லைன் கிடைக்காத பதினான்கு பேரை எடுத்துவிட்டால் இருபத்தாறில் பத்தொன்பது. எழுபத்து மூன்று சதவீதம். போன் செய்யாத பக்கம் நாற்பத்தைந்து. செத்துக் கிடந்த எண்கள் எழுந்து உட்கார்ந்தன. "பதினான்கு பேர் கணக்கில் சேர்க்கப்படவில்லை" என்று ஒரு வரி போட்டேன். சொல் எண்ணிக்கை இடித்தது. அந்த வரியையும் எடுத்தேன்.

மாலையில் சிஸ்டர் அழைத்தார்.

"மேடம், அந்தப் பதினாலு பேரு எங்க?"

"அவங்களுக்குத்தான் கால் போகவே இல்லையே சிஸ்டர்."

சிரித்தார். "கால் போயிடக் கூடாதுன்னுதானே மேடம் இங்க கால் பண்றதே." பிறகு, கொஞ்சம் தயங்கி, "ஆனா அவங்களும் நம்ம ஆளுங்கதானே?"

"எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. என்னை நம்புங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிடும்போது இவரிடம் பெருமையாகச் சொன்னேன். இவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"பரீட்சைக்கு வராதவனை விட்டுட்டு பாஸ் பர்சன்டேஜ் போடற மாதிரியா?"

"அப்படி இல்ல."

"எப்படி இல்ல?"

மகள் தண்ணீர் கேட்டாள். எழுந்துபோய் எடுத்து வந்தேன். அதற்குள் பேச்சு மாறிவிட்டது. மாறட்டும் என்றுதான் சமையலறையில் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதுவும் மேடையில் பேச! சிஸ்டர் போனிலேயே அழுதுவிட்டார். "எட்டுக்கு எட்டு" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாள் எல்லோருக்கும் அஞ்சல் போட்டிருக்கிறார்.

மே 20, செவ்வாய்

சிஸ்டர் வேலை பார்க்கும் நிலையத்து டாக்டர் ஏற்புக் கடிதத்தை அங்கே சுவரில் ஒட்டியிருக்கிறாராம். அதோடு நிற்கவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றும் சுற்றை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் எல்லோருக்கும் போன் செய்யச் சொல்லிவிட்டார். "எழுபத்து மூணு சதவீதம் வர்றாங்கன்னா எதுக்கு வீடு வீடா அலையணும்?" என்றாராம்.

"போன்ல கிடைக்காதவங்களை என்ன பண்றது மேடம்?" என்று சிஸ்டர் கேட்டார்.

அறிக்கை ஒன்றை அன்றைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. "அடுத்த வாரம் பேசுவோம்" என்றேன். பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

மதியம் சிஸ்டர் அழைத்தார். எப்போதும் முதலில் மைக்கைத் திட்டுவார். இன்று திட்டவில்லை.

தையல்காரர் ஒருவர். தனியாக இருப்பவர். நிலையத்தில் அவர் கொடுத்திருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் எண். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். மூன்று வாரம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனையில் வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

"மிஷின் மிதிக்கிற கால் மேடம்."

சிஸ்டரே தொடர்ந்தார்.

"தப்பு என் மேலதான். அவரு வீடு எனக்குத் தெரியும். டாக்டர் நிறுத்துன்னா நான் நிறுத்திடறதா? பேப்பர்ல இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

"உங்க மேல தப்பு இல்ல சிஸ்டர்" என்றேன்.

யார் மேல் என்று சொல்லவில்லை. அந்தப் பதினான்கில் அவரும் ஒருவரா என்று கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன.

ஜூன் 13, வெள்ளி

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 14, சனி

மாநாட்டுக் குழுவுக்குக் கடிதம். மூன்று வரைவு.

"சில தரவுகள் விடுபட்டுவிட்டன." ஏன், அவையே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயினவா? "ஆசிரியர் தரப்பில் கவனக்குறைவு." சுருக்கத்தின் ஆசிரியர் என்று இருப்பது சிஸ்டர் பெயர்தான், என் பெயர் கிடையாது. வழிகாட்டியின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. அப்படியானால் அந்தக் கவனக்குறைவு யார் தலையில் போய் விழும்? தெரிந்தேதான் எழுதினேனா? சீ.

யார் செய்தது என்று தெரியும்படி வாக்கியத்தை எழுதுங்கள் — எட்டு பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

மூன்றாவதை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல நீ எங்க இருக்க?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 16, திங்கள்

"பதினான்கு நோயாளிகளைக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னது நான். அவர் கேள்வி கேட்டார். என்னை நம்பும்படி சொன்னது நான்." மூன்றே வரி. இதை எழுத மூன்று நாள்.

அனுப்புவதற்கு முன்பே சிஸ்டரைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன்.

"அப்ப, அன்னைக்கு எனக்குத் தோணினது சரிதானா?"

"சரிதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்." குரல் உயரவில்லை. "முப்பது வருஷமா புண்ணு பாக்கறவ நான். நம்புங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் என் கண்ணை ஓரமா வச்சுட்டேன் பாருங்க."

போனை வைத்துவிட்டார். மாநாட்டுக் குழு, ஒருங்கிணைப்பாளர், சிஸ்டரின் டாக்டர் மூவருக்கும் கடிதம் போயிற்று. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் போனில் கத்தித் தீர்த்தார். "நீங்க அங்க உக்காந்து நம்பர் விளையாடுவீங்க, இங்க நான் கால் போனவருக்குப் பதில் சொல்லணுமா?" கடைசியில், நாளையிலிருந்து வீட்டுச் சுற்று மறுபடி தொடங்கும் என்றார். சுருக்கம் திரும்பப் பெறப்பட்டது.

வழிகாட்டிகள் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மாள், "இவ்வளவு உடைச்சு எழுதியிருக்க வேண்டாம்மா" என்றார். கேட்டதும் ஒரு நொடி இதமாக இருந்தது. அந்த இதத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஜூலை 6, ஞாயிறு

தையல்காரரைப் போய்ப் பார்க்கட்டுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"எதுக்கு மேடம்? அவருக்கு உங்களை யாருன்னே தெரியாது. நீங்க போய் அழுவீங்க. அவரு கட்டுப் போட்ட காலோட உக்காந்து உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். அவருக்கு இது தேவையா?"

தேவையில்லைதான். எனக்குத்தான் தேவைப்பட்டது.

"மோட்டார் வச்ச மிஷினுக்கு நாங்க எழுதிப் போட்டிருக்கோம்" என்றார். "அந்த விண்ணப்பத்தை வேணா சரி பாத்துக் கொடுங்க. எதையும் எடுக்காம."

எடுக்காமல் பார்த்துக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைத் தொடும் முன்னும் அவரைக் கேட்டேன்.

ஜூலை 19, சனி

பழைய ஏழு சுருக்கங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். நினைவுகூட இல்லை. அந்தச் சுருக்கத்துக்கு உரியவருக்கும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிஸ்டரிடமிருந்து செய்தி. வேறொரு மாநாட்டுக்குப் புதிதாக எழுதி அனுப்பியதை எடுத்துக்கொண்டார்களாம். மேடை இல்லை, நடைபாதையில் ஒரு பலகை தருவார்கள், அதில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். "நிக்கறது எனக்குப் பழக்கம்தானே" என்று எழுதியிருந்தார். தலைப்பிலேயே போட்டிருக்கிறார்: போன் நினைவூட்டலால் பெரிய பலன் இல்லை.

அதன் கீழே இன்னும் இரண்டு வரி.

"இப்ப வேற வழிகாட்டி குடுத்திருக்காங்க மேடம். சின்னப் பொண்ணு. எதைக் கேட்டாலும் தெரியல சிஸ்டர், பாத்துட்டு சொல்றேன்னு சொல்லுது. நிம்மதியா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்" என்று அடித்தேன். அனுப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிதான் உண்மை. அழித்தேன்.

"கொஞ்சம் பொறாமையா இருக்கு சிஸ்டர்" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"இருக்காதா பின்ன."