பால் புட்டிக்குக் கீழே

என் பிரியமானவளுக்கு,

பாப்பாவுக்கு சளி குறைந்ததா? நான் படம்பிடிக்கும் விலை உயர்ந்த கேமராக்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

முந்தாநாள், நீ போனில் சொன்னபடியே, இரண்டையும் பாப்பாவின் பழைய டயபர் பையில் வைத்து, மேலே துண்டும் பால் புட்டியும் போட்டுத்தான் குத்தம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். குழந்தைச் சாமான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னா அண்ணாத்தே, பால் புட்டிக்குக் கீழ ரெண்டு கேமரா கீதா?" என்று சிரித்தான்.

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். பூந்தமல்லியில் கூட்டத்தோடு இறங்கி ஆட்டோவில் தப்பித்தேன்.

நீ யோசனை சொன்னபோது பக்கத்தில் உன் தம்பி மேக்ஸ்வெல் இருந்தானா?

என் வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்காதவன், நேற்று போன் செய்தான். "மாமா, நாளிக்கு எந்த பஸ்ல போறே?" ஆவடியில் காலை ஒன்பது மணி பஸ் என்று பொய் சொன்னேன். இன்று வெறுங்கையோடு அங்கே போய், எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன். அன்று பஸ்ஸில் வந்த அதே ஆள் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறித் தேடிக்கொண்டிருந்தான். இந்த முறை அவனோடு இன்னும் இரண்டு பேர்.

உன் போனை அவனும் எடுப்பான் என்பதால்தான் இந்தக் கடிதத்தை நம்பிக்கையான ஆளிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. அவனிடம் வழக்கம்போலவே பேசு. உன்னையும் பாப்பாவையும் கூட்டிவர நாளை கள்ளிக்குப்பத்தில் உன் அம்மா வீட்டுக்கு வருகிறேன். நான் வருவது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

உன்னவன்