மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறியவன்

பிப்ரவரி 27, செவ்வாய்

என் மெக்கானிக் கடையில் கார்னோவுடைய படகின் டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டேன். துபான் டவுனிலிருந்து உதிரிச் சாமான் வரவில்லை, பாதியில் நிற்கிறது. மாலையில் ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது திடீரென்று நெஞ்சு குதித்தது. விரல் மரத்துப்போனது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி. இரண்டு நிமிஷத்தில் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாகவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

என் மனைவி ருகையா முதுகில் தைலம் தடவி, பழைய நூறு ரூப்பியா காசால் அழுத்திச் சுரண்டினாள். சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது. "பாருங்க மாஸ், எவ்வளவு காத்து உள்ள போயிருக்கு. இனிமே சரியாயிடும்."

ஜனவரியில் மீன் பிடிக்கிற சர்மிடி இப்படித்தான் போனான். வலை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காற்று நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். நாற்பத்து மூன்று வயசு. என் வயசு. பள்ளிவாசல் இமாம் என்பதால் நான்தான் அவனைக் குளிப்பாட்டினேன். அதற்குப் பிறகுதான் இது. எழுதும்போதே கை ஈரமாகிறது.

மார்ச் 4, திங்கள்

மறுபடியும். மோட்டார் சைக்கிளில், சந்தைக்கு நடுவில். நாடி நிமிஷத்துக்கு 124. ஏன் எண்ணுகிறேன்? எண்ண எண்ண ஏறுகிறது.

மார்ச் 11, திங்கள். நாளை முதல் நோன்பு

இன்று நோன்பு மாதத்தின் முதல் இரவுத் தொழுகை, தராவீஹ். பள்ளி நிரம்பி வாசல் வரை பாய். இருபது சுற்று, இருபது ரக்அத்துக்கும் நான்தான் முன்னால் நிற்க வேண்டும். ஆறாவதில் நின்று ஓதிக்கொண்டிருக்கும்போது வந்தது. முன்னால் சுவர். பின்னால் முந்நூறு பேர். திரும்பிப் பார்க்க முடியாது, தண்ணீர் கேட்க முடியாது. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பிறகு செய்ததை எழுதவே கூசுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

தொழுகையில் காற்றுப் பிரிந்து, கை கால் முகம் கழுவிச் செய்த ஒளு முறிந்தால் இமாம் அப்படித்தான் செய்ய வேண்டும் — மூக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவன் கையைப் பற்றி முன்னால் இழுத்து விட்டு வெளியேற வேண்டும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்கிற விஷயமா அது? என் ஒளு முறியவில்லை. பயத்தில் ஓடினேன்.

பின்னால் நின்றது முடிவெட்டுகிற ஃபத்தோனி. மிச்சத்தை எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓட்டி முடித்துவிட்டான். ஒளுச் செய்கிற இடத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் முடிந்ததே என்று இளவட்டங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

போன வெள்ளிக்கிழமைதான் உரையில் சொன்னேன், தொழுகிறவன் மனசு பதறாது என்று. அதைச் சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 13, புதன்

நேற்றும். பத்தாவது ரக்அத். மூக்கு.

மீன் வாங்கப் போன இடத்தில் வார்த்தினி அக்கா என்னைப் பற்றி ருகையாவிடம், "உஸ்தாதுக்கு மரவள்ளிக்கிழங்கு போடாதடி. முட்டைக்கோஸும் வேணாம்" என்றாளாம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்களாம். ருகையா என்னிடம் சொல்லும்போது அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

மார்ச் 16, சனி

ருகையாவுக்குத் தெரியாமல் சுகாதார நிலையத்துக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு ஐயா" என்றார். நம்பாமல் இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எடுத்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. எனக்கு ஏமாற்றம். நோய் என்றால் மாத்திரை கொடுத்திருப்பார்களே.

"பதற்றம் உடம்புல இப்படியும் வரும். திருடனே இல்லாத வீட்டுல மணி அடிக்குது, அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல தானா எறங்கும். வந்த இடத்தை விட்டு ஓடாதீங்க. ஓடுனா, ஓடுனதாலதான் பொழச்சோம்னு உடம்பு நெனச்சுக்கும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அடிக்கும்."

மூச்சை மெதுவாக விட வேண்டும், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் நேரத்தில் எத்தனை காப்பி என்று கேட்டார். ஒரு டம்ளர் என்றேன். இரண்டு குடிக்கிறேன். எங்கே வருகிறது என்று கேட்டார். வேலை செய்கிற இடத்தில் என்றேன். அங்கேயும் போய்ப் பொய்.

மார்ச் 19, செவ்வாய்

ஞாயிறு மூன்றாவது முறை. இன்று நான்காவது.

தொழுகை முடிந்ததும் பள்ளித் தலைவர் ஹாஜி பஸுனி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உஸ்தாத், வயிறு ஒத்துழைக்கலன்னா இந்த நோன்பு முழுக்க ஃபத்தோனி தொழ வைக்கட்டுமே. சீக்கிரம் முடிக்கிறான்னு சனங்களும் சந்தோஷமாத்தான் இருக்காங்க." வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

பதினோரு வருஷமாக நான் நிற்கிற இடம். விட்டுவிட்டால் நிம்மதிதான். ஆனா விட்டா, அடுத்து மோட்டார் சைக்கிள். அதுக்கு அடுத்து கடை. அப்புறம் என்ன, கட்டில்ல உக்காந்துகிட்டு நாடி பிடிச்சுப் பாக்கறதா?

மார்ச் 20, புதன்

வீட்டில் சண்டை. ருகையா கரண்டியைப் போட்டுவிட்டாள். "ஒரு வாரமா வெந்த கேரட்டும் கஞ்சியும்தான் போடுறேன். அப்பவும் உங்களுக்கு நிக்கல. ஊரே என் அடுப்பை எட்டிப் பாக்குது. பள்ளியில நோன்பு திறக்கச் சமைக்கறதுக்கு வருஷா வருஷம் என்னைத்தானே கூப்பிடுவாங்க, இந்த வருஷம் கூப்பிடல. ஏன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். சொல்லிட்டேன். காத்து இல்ல, பயம்னு.

"எதுக்குப் பயம்?"

"தெரியல. அந்த நேரத்துல செத்துருவேன்னு தோணும்."

"அப்போ இத்தனை நாளும் பழியை என் சமையல் மேல போட்டுட்டுச் சும்மா இருந்தீங்க." அழுதாள். சும்மாத்தான் இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, இத்தனை நாளும் என் முதுகைச் சுரண்டிய காசையும் தைலத்தையும் எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். வரும் வழியில் என் முதுகைத் தொட்டு, "எரியுதா" என்றாள். எரியத்தான் செய்கிறது.

மார்ச் 22, வெள்ளி

முடி வெட்டப் போனேன். ஃபத்தோனி கழுத்தில் துணியைக் கட்டினான், பாதித் தலை வெட்டியிருப்பான், வந்துவிட்டது. எழுந்து ஓடலாம். பாதித் தலையோடு சந்தையில் ஓடினால் நன்றாகத்தான் இருக்கும். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டேன், விட்டேன்.

"உஸ்தாத், முகம் வெளுத்துப்போச்சே."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அந்த நாலு தடவையும்?"

"நாலு தடவையும்."

"உங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. காத்து பிரிஞ்சதுக்கா ஒருத்தர் இப்படி நடுங்குவாருன்னு நானும் நெனச்சேன்." அவ்வளவுதான், மீதித் தலையை வெட்டினான். ஒன்பது நிமிஷத்தில் இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று நானே நிற்கிறேன் என்று ஹாஜி பஸுனிக்குச் சொல்லியாயிற்று. ஏன் சொன்னேன்? வேணாமே. போன் பண்ணி மாத்திச் சொல்லிடலாமா?

மார்ச் 23, சனி

நேற்று எட்டாவது ரக்அத். ஓதிக்கொண்டே இருந்தவன் நின்றுவிட்டேன். அடுத்த சொல் இல்லை, வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கை மூக்குக்குப் போகத் துடித்தது. கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

இமாம் மறந்து நின்றால் பின்னால் இருப்பவன் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பான். ஃபத்தோனி எடுத்துக் கொடுத்தான். ரயில் மாதிரி ஓதுகிறவன் ஒரே ஒரு சொல் கொடுத்துவிட்டு நிறுத்தினான். நான் அதைச் சொல்லி, மூச்சை விட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு இன்னொரு சொல். மறுபடி காத்திருந்தான். முந்நூறு பேரையும் நிற்க வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவன் மாதிரி. எத்தனை வசனம் அப்படிப் போயிற்றோ, நடுவில் எங்கேயோ என் கால் எனக்குத் திரும்பி வந்தது. மீதியை நானே ஓதினேன். இருபதும் முடித்தேன்.

முடிந்ததும் ஒலிபெருக்கியை எடுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். "நாலு நாளும் என் ஒளு முறியல. எனக்கு நெஞ்சு அடிச்சுகிட்டுப் பயம் வரும். அதை மறைக்கப் பொய் சொன்னேன். என் வீட்டுச் சமையல்ல ஒரு குறையும் கிடையாது. எல்லாரும் மன்னிச்சுக்கணும்." யாரோ இருமினார்கள். அவமானமாக இருந்தது, ரொம்பவே.

ஹாஜி பஸுனி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "நாளைக்கு நோன்பு திறக்க ருகையாவைச் சமைக்கச் சொல்லுங்க, முந்நூறு பேருக்கு" என்றார். என் இடத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்னும் நான்தான் முன்னால் நிற்கிறேன். இளவட்டங்களுக்கு வருத்தம்.

இன்றும் வந்தது, பதினான்காவதில். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தேன். நெஞ்சு அடித்து ஓயட்டும் என்று அங்கேயே கிடந்தேன். ஓய்ந்தது. எழுந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ருகையா, "முட்டி கழண்டுபோச்சு மாஸ். அந்த சஜ்தா ஏன் அவ்வளவு நேரம்?" என்றாள்.

"பயம் வந்துச்சு. அது போகட்டும்னு இருந்தேன்."

நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை கொஞ்சம் சின்னதா வரச் சொல்லுங்க."