ரூமில் இருக்கிறவர்

1994 நவம்பர் 3, வியாழன்

மழை. எந்த நேரமும் பனியாகிவிடலாம். இடது பூட்ஸ் ஒழுகுகிறது. மல்வேர்ன் பஸ் இருபத்தைந்து நிமிடம் தாமதம். ஈரக் காலோடு இரண்டு வகுப்பு.

செய்ய வேண்டியவை:
ஆங்கிலக் கட்டுரை. திங்கள் கடைசி நாள்.
உடுப்புத் தோய்க்க. அண்ணாவின் வெள்ளைச் சேர்ட் மூன்றும் தனியாக.
அம்மாவுக்குக் கடிதம். மூன்று வாரமாகக் கடத்துகிறேன்.
சனிக்கிழமை சு. வீட்டுச் சாமத்தியவீடு. என்ன போடுவது? கோட் இல்லை.

சு. என்றால் சுகன்யா. முழுப் பெயர் எழுதக் கூச்சம். அவள் தங்கை பெரியபிள்ளையானதற்குத்தான் சாமத்தியவீடு. ஹோல் எடுத்து, நீட்டுக் கார் பிடித்து, வீடியோக்காரர் இரண்டு பேர் வைத்து. பிக்கரிங் ஆட்கள், சொந்தப் பெரிய வீடு. என்னை வகுப்பு நண்பன் என்று அழைத்திருக்கிறாள். அவள் அம்மா என்னைப் பார்க்க வேண்டுமாம். பார்த்துப் பிடித்தால் மிச்சம் சொல்லலாமாம்.

கட்டுரைத் தலைப்பு: நாவலில் வர்க்கமும் முன்னேறும் ஆசையும். நூற்றுமுப்பது வருடப் பழைய ஆங்கில நாவல். செங்கல் போல் தடிப்பு. நேற்று முடித்தேன். கரிப் படகுக்காரனின் மகன் இலண்டனுக்குப் போய் ஒரு வழக்கறிஞரிடம் எழுதுவினைஞன் ஆகிறான். பேச்சை மாற்றுகிறான், கையுறை வாங்குகிறான். ஒருநாள் தகப்பன் பார்க்க வருகிறார். கரி கொண்டுவந்த ஆள் என்று நினைத்து வீட்டுக்காரி பின்கதவால் வரச் சொல்கிறாள். மகன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வாய் திறக்கவில்லை. தகப்பன் பின்கதவால் வந்து, கரி வாளியை உண்மையாகவே நிரப்பி வைத்துவிட்டுப் போகிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தைச் சுவரில் எறிய வேண்டும் போல் இருந்தது.

வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சொன்னான், இதெல்லாம் அந்தக் காலத்துப் பிரச்சினை, கனடாவில் வர்க்கம் கிடையாது என்று. அவன் தமிழருடைய விருந்து ஒன்றுக்கும் போயிருக்க மாட்டான். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? எந்த வருடம் வந்தது, எண்பத்து மூன்றுக்கு முதலோ பிறகோ? வீடோ அப்பார்ட்மென்ரோ பேஸ்மென்ரோ? நாலு கேள்வியில் ஆளை அளந்து அலுமாரியில் எந்தத் தட்டு என்று வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் எல்லோரும் ஒரே விமான நிலையத்தில் அகதி என்று கையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள்.

நாங்கள் பேஸ்மென்ற். மல்வேர்ன்.

நவ. 4, வெள்ளி

கட்டுரை முடிந்தது. ஒன்பது பக்கம். கதாநாயகனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். கடைசி வரி: "இவன் வறுமையிலிருந்து தப்பவில்லை, தகப்பனிடமிருந்து தப்பினான். ஏழையாக இருப்பது குற்றமில்லை, கோழையாக இருப்பது குற்றம்." வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணா வேலையால் வந்து பின்னால் நின்று பார்த்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். செப்டெம்பரிலிருந்து சனி ஞாயிறு யோகண்ணையின் கேற்றரிங்கிலும். கை முழுவதும் சோப்பு வெடிப்பு.

"என்னடா, இவ்வளவும் ஒரு கதையைப் பற்றியோ?"

"ஓம்."

"அந்தக் கதையை எழுதினவனே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்."

அவருக்கு ஊரில் வணிகம் படிக்கக் கம்பஸ் கிடைத்தது. போகவில்லை. அப்பா இறந்த வருடம் அது. இங்கே வந்து, நாலு வருடத்தில் என்னைக் கூப்பிட்டார். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார்.

நாளைக்குத் தன் கோட்டைப் போடச் சொன்னார். தோள் கொஞ்சம் அகலம். பரவாயில்லை.

நவ. 6, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. இப்போது ஒழுங்காக எழுதுகிறேன், மாற்றாமல்.

ஹோல். முந்நூறு பேர் இருக்கும். சு. பச்சைச் சேலை. அவள் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அன்ரி சிரித்த முகம். கழுத்து நிறைய நகை. வீடியோக்காரரின் வெளிச்சம் எங்கள் மேல்.

"தம்பி எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஊரிலை எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"இஞ்சை ஆரோடை இருக்கிறீர்?"

"அண்ணையோடை, அன்ரி."

"அண்ணை என்ன செய்யிறார்?"

"எக்கவுண்டன்ற்."

யோசிக்கவேயில்லை. எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாக அந்தச் சொல் வாய்க்குள் தயாராக இருந்ததோ. அன்ரியின் முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்தது. சு. என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் அண்ணாவின் வேலை பற்றி எதுவுமே சொன்னதில்லை.

"தம்பி, ரோல்ஸ் எடுங்கோ."

திரும்பினேன். அண்ணா. கழுத்தில் கறுப்பு போ-ரை, கையில் தட்டு. வெள்ளிக்கிழமை நான் தோய்த்து மடித்து வைத்த சேர்ட். அன்றைக்கு வேலை எந்த ஹோலில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறத்தியாருக்கு நீட்டுவது போலத் தட்டை நீட்டினார்.

இதுதான் என் அண்ணா என்று சொல்ல நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது.

ஒன்று எடுத்தேன். "தாங்ஸ்" என்றேன்.

அன்ரி அவரிடம்: "உதை முதல் முன் மேசைக்குக் கொண்டுபோம் ஐசே. டொக்டர் ஆக்கள் இன்னும் ஒண்டும் எடுக்கேல்லை."

"ஓம் அக்கா."

போனார். நான் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் நீட்டிய ரோல்ஸைத் தின்றுகொண்டு நின்றேன்.

இன்று காலை தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். கோட்டைக் கொழுவியில் மாட்டினேனா என்று கேட்டார்.

நவ. 7, திங்கள்

குளிர். காற்று. கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். ஒரு வரியும் மாற்றவில்லை. மாற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். யாரிடம் என்று தெரியவில்லை.

பூட்ஸ் இன்னும் வாங்கவில்லை.

நவ. 9, புதன்

நான் குளியலறையில். ரெலிபோன் அடித்தது. அண்ணா எடுத்தார்.

"இல்லைப் பிள்ளை, அவர் குளிக்கிறார். ... அண்ணையோ? அவர் வேலையிலை. ... நானோ? நான் இஞ்சை ரூமிலை வாடகைக்கு இருக்கிறவன். ... ஓமோம், சொல்லுறன்."

முகத்தில் சவர்க்காரத்தோடு வெளியே வந்தேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேறை என்ன சொல்லுறது? எக்கவுண்டன்ற் அண்ணை இந்த நேரம் வேலையிலை எல்லோ நிப்பார்?" சிரித்தார். உண்மையான சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணை, எனக்கு ஏசுங்கோ."

"விசரே உனக்கு? நீ சொன்னது சரிதான். கோப்பை கழுவுறான் எண்டு சொன்னா அந்த மனுசி உன்னை இருத்திக் கதைச்சிருக்குமே? கறி சூடாக்கி வைச்சிருக்கிறன். சாப்பிடு."

கன்னத்தில் ஒரு அடி விழுந்திருந்தால் இன்றைக்கு நித்திரை வரும்.

நவ. 13, ஞாயிறு

அம்மாவுக்குக் கடிதம் தொடங்கினேன். "அண்ணாவும் நானும் சுகம்" என்று எழுதி நிறுத்தினேன். கிழித்தேன்.

அண்ணா இப்போது ரெலிபோன் அடித்தால் முதலில் என்னைப் பார்க்கிறார். நான் எடுக்காவிட்டால்தான் எடுக்கிறார். குரலையும் மாற்றிவிட்டார்.

நவ. 15, செவ்வாய்

கட்டுரை திரும்பி வந்தது. A. வகுப்பிலேயே கூடிய புள்ளி என்று ஆசிரியை சொன்னார். அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்: பயந்துபோன ஓர் இளைஞனிடம் இவ்வளவு கடுமை ஏன்?

பஸ்ஸில் நாவலின் அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசித்தேன். முதல்முறை கண்ணில் படாதவை:

மகன் படியில் நின்றது அரைப் பக்கம்தான். எனக்கு ஐந்து பக்கம் போல் ஞாபகம்.

தகப்பனுக்கு மகன் படியில் நிற்பது தெரியும். தெரிந்துதான் வாளியை நிரப்பினார். மகனின் பொய் கெட்டுப்போகக் கூடாது என்று.

அந்த வீட்டுக்கு இரண்டு கதவு வைத்தவர்களை இந்த நாவலில் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. முழுக் குற்றமும் படியில் நின்றவன் தலையில். நானும் அதைத்தான் எழுதினேன், அதற்குத்தான் புள்ளி. முன்னேறு, முன்னேறு என்று பிடித்துத் தள்ளுவார்கள். முன்னேறும்போது யாரை மிதிக்கிறாய் என்று பார்க்கவும் சொல்வார்கள். ஏணியை அப்படிச் செய்தவன் யார்?

ஆனால் இதெல்லாம் கட்டுரை. அன்றைக்கு ஹோலில் இருந்த வாய் என்னுடையது.

வியாழன் சு.விடம் சொல்வேன்.

நவ. 17, வியாழன்

சொன்னேன். கன்ரீனில், மத்தியானம்.

"அண்டைக்கு ரோல்ஸ் கொண்டுவந்தவர்தான் என்ரை அண்ணை."

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியும் சேகர்."

"எப்பிடி?"

"வீடியோ வந்திட்டுது. நீர் அம்மாவோடை கதைக்கேக்கை அவர் பின்னாலை நிக்கிறார். ஒரு சேர்விங் ஆள் கெஸ்ற்றை அப்பிடிப் பாக்க மாட்டார். நான் அதை ரீவைண்ட் பண்ணி, ரீவைண்ட் பண்ணிப் பாத்தனான்." கண் கலங்கியது. "அம்மா கவனிக்கேல்லை. சாறியைத்தான் பாத்தவ."

"நான் அன்ரியிட்டைச் சொல்லப்போறன்."

"சொன்னா முடிஞ்சுது. அம்மாவை உமக்குத் தெரியாது. பிளீஸ். நான் உம்மடை அண்ணையோடை ஃபோனிலை கதைச்சிட்டன். தான் ரூமிலை இருக்கிறவராவே இருக்கிறாராம். அவர் ஓகே எண்டிட்டார்."

"எப்ப கதைச்சனீர்?"

"முந்தநாள். ஹி வோஸ் சோ நைஸ், சேகர்."

"கலியாணம் எண்டு வந்தா? எனக்கு அப்பா இல்லை. அப்பாவின்ரை இடத்திலை ஆர் நிக்கிறது?"

கோப்பியைத் தள்ளி வைத்தாள். பிறகு, மிக மெதுவாக:

"அதையும் அவர் யோசிச்சிருக்கிறார். கேற்றரிங்கை யோகண்ணைக்குக் குடுக்கச் சொன்னவர். அப்பிடியெண்டா தான் வந்து நிக்கலாமாம். தாலி கட்டுறதைப் பாக்கலாமாம்."

எழுந்து வந்துவிட்டேன். புத்தகப் பை அங்கேயே. அவள் பின்னால் ஓடிவந்து தந்தாள். அழுதாள். அவள் மேல் கோபம் இல்லை. இருந்தால் சுகமாக இருக்கும்.

பின்னேரம் அண்ணாவிடம் கத்தினேன். ஈரம் உறிஞ்சச் சப்பாத்துக்குள் பேப்பர் அடைத்துக்கொண்டிருந்தார். என் இடது பூட்ஸுக்கு.

"கத்தாதை. மேலை வீட்டுக்காரருக்குக் கேக்கும். நல்ல பெட்டையடா. விடாதை."

"அதுக்காக நீங்கள் என்ரை கலியாணத்திலை தட்டுத் தூக்குவியளோ?"

"தூக்கினா என்ன, தேஞ்சு போவனே? யோகண்ணையிட்டையும் எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப் போட்டன். அவர் அந்தப் பெட்டை வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். அவருக்கு ஒரு சொல் தெரிஞ்சால் அண்டைக்கே பிக்கரிங் போயிடும்."

எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார். என்னைத் தவிர.

நவ. 18, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. சு. மூன்று முறை ரெலிபோன். எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்து, "நாளைக்குச் சொல்லப்போறன், யோகண்ணையிட்டை" என்றேன். அவள், "அப்ப நான் வைக்கிறன், சேகர்."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

நவ. 19, சனி

பனி, முதல் கடும் பனி. காலை பத்து மணிக்கு யோகண்ணையின் சமையல்கூடம். கராஜ்களுக்கு நடுவில் ஒரு யூனிற். தாளிப்பு வாசம் வீதி வரை. உள்ளே ஆறேழு பேர் வெங்காயம் வெட்டிக்கொண்டு, ரேடியோ, நீராவி. அண்ணா மூலைத் தொட்டியில் பெரிய சட்டி ஒன்றுக்குள் அரைவாசி இறங்கி உரஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஆர் தம்பி வேணும்?" யோகண்ணை.

"நான் ராசன்ரை தம்பி. சொந்தத் தம்பி." சத்தமாகவே சொன்னேன்.

கத்திகள் நின்றன. யோகண்ணை திரும்பினார். "என்ன ராசன், உமக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னனீர்?"

அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் தோளைப் பிடித்தார். இறுக்கி, நோகும்படி.

"உவன் எங்கடை ரூம் பெடியன் அண்ணை. கம்பஸிலை படிக்கிறான். உவங்கள் உப்பிடித்தான் பெற் கட்டிக்கொண்டு பொய் சொல்லி ஆளையாள் பேக்காட்டித் திரியிறாங்கள்."

"படிச்ச பெடியனுக்குச் சொந்தம் கொண்டாட வேறை ஆள் கிடைக்கேல்லையாக்கும்! சட்டி கழுவுற ஆளோ கிடைச்சது?"

சிரித்தார்கள்.

"இல்லை, உண்மையாத்தான் சொல்லுறன்" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். அண்ணா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்தபடியே தோளைப் பிடித்து என்னை வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து பிடித்தார்.

"பஸ் வரப்போகுது தம்பி. போங்கோ."

போனேன்.